ஆபரேஷன் ஆனவருக்கு யூரின் குறைந்தால், ஐவிசி ஸ்கேன் பார்த்து ட்ரிப்ஸ் ஏற்றலாமா?

கேட்டவர் ராயபுரம் பக்கம் சிஆர்ஆர்ஐ (பயிற்சி டாக்டர்). குடல் ஆபரேஷன் ஆன மறுநாள் யூரின் குறைகிறது, ஐவிசி (உடம்பின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரை) ஸ்கேனில் சுருங்கித் தெரிகிறது. ஏற்றலாமா என்பது கேள்வி.

அதை மட்டும் வைத்து ஏற்றாதீர்கள். முதலில் ஸ்கேன் புரோபை அடிவயிற்றில் வையுங்கள். பிளாடர் (மூத்திரப்பை) நிறைந்திருந்தால் குறை ரத்தக்குழாயில் இல்லை, யூரின் வடியப் போட்ட ஃபோலி ட்யூபில். அடைத்திருக்கும், அல்லது படுக்கைக்கடியில் மடங்கியிருக்கும். பிளாடர் காலியாக இருந்தாலும் அவசரம் வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு ஓரிரு நாள் நீரை உடம்பிலேயே தக்கவைக்கும் ஏடிஎச் ஹார்மோன் கூடியிருப்பதால், உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கும்போதே யூரின் குறையலாம்.

அடுத்து ஐவிசி. நெஞ்செலும்பு முனைக்குக் கீழே வளைந்த புரோபை நீளவாக்கில் வைத்து, குழாய் வலது ஏட்ரியத்தில் (இதயத்தின் வலது மேலறை) சேர்வதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் பக்கத்திலுள்ள அயோர்ட்டாவை (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனி) அளந்துவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ஏட்ரியத்திலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி அளக்க வேண்டும். விட்டம் 2.1 செ.மீ. வரை இருந்து, மூக்கால் சட்டென உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் வலது ஏட்ரிய அழுத்தம் குறைவு. 2.1-ஐத் தாண்டி, பாதிகூடச் சுருங்காவிட்டால் அதிகம். இது அழுத்தத்தைத்தான் சொல்கிறது. நீர் கொடுத்தால் இதயம் கூடுதலாகத் தள்ளுமா என்பதைச் சொல்லாது. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் ஐவிசி சுருங்கும்.

வயிற்று ஆபரேஷனில் சிக்கல் இன்னும் கூடுதல். நடுவில் டிரெஸ்ஸிங், உள்ளே குடல் காற்று. வலது விலாப் பக்கமிருந்து கல்லீரல் வழியாகப் பார்க்கலாம், ஆனால் மேலே சொன்ன எண்கள் அந்தக் கோணத்துக்கு அப்படியே பொருந்தாது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு உறிஞ்சும் கணக்கே கிடையாது. வயிறு உப்பி உள்ளழுத்தம் ஏறியிருந்தால் ஐவிசி நசுங்கி, நீர் போதாதது போலவே தெரியும். அதை நம்பி ஏற்றினால் குடல் வீங்கி, அழுத்தம் இன்னும் ஏறும்.

உண்மையான சோதனை விடிஐ, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்பதைக் காட்டும் டாப்ளர் அளவு. ஏபிகல் 5 சேம்பர் காட்சியில் (இதய நுனியிலிருந்து பார்ப்பது), அயோர்ட்டிக் வால்வுக்குச் சற்று முன்னால் பல்ஸ் டாப்ளர் (ரத்த ஓட்ட வேகத்தை அளக்கும் முறை) வைத்து 3 முதல் 5 துடிப்புகளின் சராசரி எடுங்கள். 100 மில்லி ரிங்கர் லாக்டேட் ட்ரிப்ஸை ஒரு நிமிடத்தில் விட்டு, அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் ஏறினால் இதயம் ஏற்றுக்கொள்கிறது. காலிலுள்ள ரத்தம் இதயத்துக்கு வரும்படி காலை உயர்த்திப் பார்க்கும் சோதனையும் உண்டு, ஆனால் வயிறு இறுகியிருந்தால் நம்ப முடியாது. தையல் வலியும் கணக்கைக் கெடுக்கும்.

நுரையீரல் பார்க்காமல் முடிக்காதீர்கள். முன்பக்கம் இருபுறமும் ஒரு விலா இடைவெளியில் 3 பி-கோடுகளோ (நுரையீரலில் நீர் கோத்தால் ஸ்கேனில் தெரியும் செங்குத்து வெள்ளைக் கோடுகள்) அதற்கு மேலோ தெரிந்தால், அதிலும் ஐவிசி விரிந்திருந்தால், ட்ரிப்ஸை நிறுத்தி யோசியுங்கள். அடிப்பகுதிக் கோடுகளைச் சேர்க்க வேண்டாம். மூச்சை முழுதாக இழுக்காமல் படுத்திருப்பவருக்கு அங்கே நுரையீரல் மடிந்திருக்கும். பல்ஸ் ஏறிக்கொண்டே போனால் கல்லீரலுக்கும் கிட்னிக்கும் இடையிலும் இடுப்புக் குழியிலும் நீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆபரேஷனில் வயிற்றைக் கழுவிய நீர் கொஞ்சம் தங்கியிருக்கலாம், ஆனால் அடுத்த ஸ்கேனில் கூடியிருந்தால் ரத்தக்கசிவு என்றே எண்ணி சீனியரைக் கூப்பிடுங்கள்.

மே மாதம் ஏசி இல்லாத வார்டில் வியர்வை எந்தச் சார்ட்டிலும் ஏறாது. ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போடும் குழாய்), ட்ரெயின் (வயிற்றிலிருந்து நீரை வடிக்கும் குழாய்) இவற்றில் வெளியேறிய அளவோடு அதையும் மனதில் வையுங்கள். காசிமேட்டிலிருந்து வந்த உறவினர் “ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க சார், தெம்பா இருக்கும்” என்பார். தெம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புரோபை எங்கே வைத்தீர்கள், படுக்கை எத்தனை டிகிரி என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நைட் டியூட்டிக்காரர் எடுக்கும் எண்ணை உங்களுடையதோடு ஒப்பிடவே முடியாது.