அப்பாவின் சான்ட்ரோ: 68,000 செலவழிப்பதா, 55,000க்கு விற்பதா?

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் வசிக்கிறேன். வயது 44, தனியார் வேலை, கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். அப்பா 2009 மே மாதம் வாங்கிய சான்ட்ரோ ஜிங் பெட்ரோல் கார் எங்களிடம் இருக்கிறது. 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 2024ல் அப்பாவே ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தார். அந்த ஆண்டுக் கடைசியில் தவறிவிட்டார். வண்டி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, இன்சூரன்ஸையும் அதே பெயரில் ஆன்லைனில் புதுப்பித்து வருகிறேன். இப்போது மெக்கானிக் 68,000 ரூபாய்க்கு வேலை சொல்கிறார்: டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் 6,500, கிளட்ச் செட் 8,500, சஸ்பென்ஷன் 14,000, ஏசி கம்ப்ரஸர், கண்டென்ஸர் 24,000, துருவுக்கு டிங்கரிங், பெயின்ட் 15,000. புரோக்கர் இருக்கிற நிலையிலேயே 55,000 தருகிறேன் என்கிறார். ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி) கிடையாது. மாதம் 450 கி.மீ. ஓடும்: முசிறி பக்கம் சொந்த ஊர், அம்மாவின் ஆஸ்பத்திரி, கடை கண்ணி. கையில் 1.5 லட்சம் இருக்கிறது. அதை முன்பணமாகக் கட்டி 8.5 லட்சத்தில் புது கார் எடுக்கலாம் என்கிறாள் மனைவி. அம்மாவுக்கு விற்க மனமில்லை, எனக்கும்தான். அப்பா ஒவ்வொரு சர்வீஸையும் எழுதிய நோட்டு இன்னும் டேஷ்போர்டில் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: வைத்துக்கொள்வதோ விற்பதோ, இரண்டையும் இன்று உங்களால் முறைப்படி செய்ய முடியாது. வண்டி உங்களுடையது ஆகவில்லை. அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31ல் விண்ணப்பித்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். தாமதமாகிவிட்டது, ஆனாலும் மாற்றலாம். தாமதக் கட்டணம் சேரும், அவ்வளவுதான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். நாள் பிடிக்கிற காகிதம் அதுதான்.

இன்சூரன்ஸ் இதைவிட அவசரம். பாலிசிதாரர் இறந்த பிறகு மோட்டார் பாலிசி மூன்று மாதமோ, அது முடியும் தேதியோ, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். அப்பா பெயரில் நீங்கள் கட்டிய பிரீமியத்தை நம்பி ஒரு விபத்துக்கு கிளெய்ம் போட்டால், நிறுவனம் மறுக்க இடமிருக்கிறது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் உங்களுக்குப் பொருந்தாது. பெயர் மாற்ற விண்ணப்பித்த ரசீதோடு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போய்ப் பாலிசியையும் மாற்றுங்கள். அப்போது நோ கிளெய்ம் போனஸை, அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை, கேட்டு வாங்குங்கள். அது வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. விற்றால் வாங்குபவருக்குப் போகாது. ஆனால் உரிமையாளர் இறந்தால் மனைவி, பிள்ளைகள் போன்ற வாரிசுக்கு மாறும். கேட்காவிட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள். இந்த இரண்டும் முடியும்வரை வண்டியை ஓரமாக நிறுத்திவையுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 55,000 பெறும் வண்டிக்கு 68,000 செலவழிப்பதா என்று நீங்களும் மனைவியும் ஒப்பிடுகிறீர்கள். அந்த ஒப்பீடு தவறு. ரிப்பேர் செலவை எடை போட வேண்டியது வண்டியின் விலையோடு அல்ல, அந்த இடத்துக்கு வரப்போகும் வண்டிக்கு ஆகும் செலவோடு. அதற்கும் முன்னால், இந்த வண்டியில் பணம் போட்டால் நிற்குமா என்று பார்த்துவிட வேண்டும்.

பழைய காரில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் காசு கொடுத்துச் சரிசெய்யலாம், பாடி போனால் போனதுதான். வேலை சொன்ன மெக்கானிக்கிடம் இல்லாமல், ராம்ப் இருக்கும் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே மிதியடியையும் கார்பெட்டையும் உரித்து, தரைத் தகட்டைத் தட்டையான ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். டங் என்று கெட்டியாக ஒலித்தால் நல்லது. பொத்தென்று உள்ளே இறங்கினால் அங்கே தகடு இல்லை, பெயின்ட்டும் துருவும்தான் இருக்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, ஜாக்கி வைக்கும் இடம், பின் ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் இடம் ஆகிய மூன்றையும் இதே மாதிரி குத்திப் பாருங்கள். கதவு விளிம்பு, வீல் ஆர்ச்சில் இருக்கும் துரு பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆபத்தில்லை. ஷாக் பொருந்தும் இடமோ ஜாக்கி பாயின்ட்டோ அரித்திருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், வண்டியை விற்றுவிடுங்கள். அதன் மேல் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்தால் மறையுமே தவிர, தாங்காது.

அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை. என்ஜின் சூடான பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கிறதா என்பது முக்கியம். 10 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அந்த பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் கசிகிறது. இரண்டுமே என்ஜினைப் பிரிக்கும் வேலை, இந்த வயது வண்டிக்கு அது வேண்டாம். இந்த இரு சோதனைக்கும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஆகலாம். தயங்காமல் கொடுங்கள்.

இரண்டிலும் தேறினால் அந்த 68,000 பட்டியலைத் திருத்த வேண்டும்.

டைமிங் பெல்ட்டைத் தள்ளிப்போடக் கூடாது. அப்பாவின் நோட்டைத் திறந்து கடைசியாக எப்போது மாற்றினார் என்று பாருங்கள். கிலோமீட்டர் கொஞ்சம்தான் ஓடியிருந்தாலும் ஐந்து வருடம் தாண்டியிருந்தால் ரப்பர் கெட்டியாகி வெடிப்பு விட்டிருக்கும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளைந்துவிடும். 6,500 ரூபாய் வேலை அப்போது ஹெட்டை இறக்கும் வேலையாகிவிடும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். மறுபடி அதே கவரைக் கழற்றினால் அதே கூலி.

கிளட்ச், சஸ்பென்ஷன் இரண்டும் வேண்டியவை. கிளட்ச் செட் என்றால் டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். ஏசி பட்டியலில் ஒரு ஓட்டை இருக்கிறது. கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்து நின்றால் அதன் உலோகத் தூள் லைன் முழுக்கப் பரவியிருக்கும். லைனை ஃபிளஷ் செய்து, டிரையரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றாமல் புது கம்ப்ரஸரைப் போட்டால் அந்தத் தூளே அதையும் தின்றுவிடும். இதற்கு 3,500 கூடுதலாக ஒதுக்குங்கள். அதேபோல் இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2009 வண்டியின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, உப்பிப் பிசுபிசுத்துக் கசிய ஆரம்பிக்கும். பியூயல் ஹோஸ், கிளிப், ஃபில்டருக்கு 3,000. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், அரை டேங்குக்கும் குறைவான பெட்ரோலோடு வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

பெயின்ட் வேலையை விடுங்கள். துரு பிடித்த இடத்தில் மட்டும் வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய 6,000 போதும். ஆக மொத்தம் 65,500.

இந்தப் பணத்தைப் போட்டு, ஆர்.சி. முடியும் 2029 மே வரை, அதாவது சுமார் மூன்று வருடம் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரிப்பேரை மூன்றால் வகுத்தால் வருடத்துக்கு 21,800. இன்று 55,000 பெறுவது அன்று 20,000தான் பெறும் என்றால் அந்த இழப்பு வருடத்துக்கு 11,700. 55,000ஐ 7 சதவீத டெபாசிட்டில் போடாததால் போகும் வட்டி 3,850. உங்கள் காரின் என்ஜின் 1,086 சிசி என்பதால் மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி., விபத்துக் காப்பீடு, சின்ன ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பீடு) சேர்த்து 6,000. சர்வீஸ், டயர், பேட்டரி, திடீர்ச் செலவு 18,000. எல்லாம் கூட்டினால் வருடம் 61,350, மாதம் சுமார் 5,100 ரூபாய்.

புது கார் என்றால் 7 லட்சம் கடன். 9.5 சதவீத வட்டியில் 84 மாதத்துக்கு மாதத் தவணை 11,440. முதல் மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 1.67 லட்சம், வருடத்துக்கு 55,800. 8.5 லட்சத்துக்கு எடுத்த வண்டி மூன்று வருடம் கழித்து 5.5 லட்சம் போனால் வருடத்துக்கு 1 லட்சம் தேய்மானம். முன்பணத்தின் வட்டி 10,500, இன்சூரன்ஸ் சராசரியாக 10,000, சர்வீஸ் 6,000. வருடம் 1,82,300, மாதம் 15,200. மைலேஜ் கூடுவதால் பெட்ரோலில் 800 ரூபாய் மிச்சமாகும். அதைக் கழித்தாலும் பழைய வண்டியைவிட மாதம் 9,000க்கு மேல் அதிகம்.

யாரும் கேட்காத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: காரே இல்லாமல் கால் டாக்ஸி. கி.மீ.க்கு 20 ரூபாய் என்று வைத்தால் 450 கி.மீ.க்கு 9,000. உங்கள் வண்டிக்குப் பெட்ரோல் 3,500 சேர்த்தால் 8,600. கிட்டத்தட்ட சமம். மாதம் 420 கி.மீ.க்குக் கீழே ஓட்டம் குறைந்தால் டாக்ஸிதான் மலிவு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டி வந்தால் வாசலில் வண்டி நிற்பது வேறு விஷயம். அதனால் இந்தச் சமநிலையில் நான் வண்டிப் பக்கம் நிற்கிறேன்.

எனவே என் தீர்ப்பு: தகடும் கம்ப்ரஷனும் தேறினால் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா நினைவுக்காக நீங்கள் நஷ்டப்படவில்லை, கணக்கும் அதையே சொல்கிறது. ஒரே ஒரு விஷயத்தில் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை எந்தக் கணக்காலும் அடைக்க முடியாது. ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத வண்டியில் நான்கு வழிச்சாலையில் நூறில் போகக் கூடாது. உள்ளூருக்கும் முசிறிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை, கோவை என்றால் ரயில். பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள், வேலை செய்யாத பெல்ட்டை இந்த ரிப்பேரிலேயே மாற்றிவிடுங்கள்.

கையிலுள்ள 1.5 லட்சத்தில் 65,500 போக மீதி 84,500ஐ அவசரத்துக்கு வையுங்கள். இப்போதே மாதம் 9,000 ரூபாய்க்கு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் டெபாசிட்) தொடங்குங்கள். 6.5 சதவீதத்தில் 36 மாதத்தில் சுமார் 3.58 லட்சம் சேரும். இது இல்லாவிட்டால் பழைய வண்டியை வைத்து மிச்சம் பிடித்தேன் என்பது வெறும் பேச்சாகிவிடும், பணம் வேறு எதிலாவது கரைந்திருக்கும்.

2029ல் மறுபடி யோசியுங்கள். 15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டினால் அது 10,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்திவிட்டார்கள். தேதி தவறினால் மாதத்துக்கு 500 அபராதம். பதினைந்து வருட பெட்ரோல் வண்டியை ஓட்டவே கூடாது என்று யாராவது பயமுறுத்தினால், அது தில்லி வட்டாரத்துக்கான கட்டுப்பாடு என்று சொல்லுங்கள். அதற்குள் ஒரே ரிப்பேருக்கு 25,000க்கு மேல் கேட்டால் 2029 வரை காத்திருக்க வேண்டாம், அன்றே நிறுத்திக்கொள்ளுங்கள்.

விற்கும் நாள் வந்தால், தேதி எழுதாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை, வண்டி யார் கையில் விபத்து செய்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு உரிமையாளருக்குத்தான் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் வாங்குபவரின் பெயரும் முகவரியும் நிரப்பிய பிறகு கையெழுத்திடுங்கள். வண்டி கொடுத்த தேதியையும் நேரத்தையும் எழுதி, அவருடைய ஆதார் நகலோடு டெலிவரி சீட்டு வாங்குங்கள். 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவியுங்கள். அனுமதி பெற்ற பழைய கார் டீலர் என்றால், வண்டியை எடுத்துக்கொள்ளும்போதே படிவம் 29சி மூலம் ஆன்லைனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு பொறுப்பு டீலருடையது. பாஸ்டேகை மூடி, இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் நோ கிளெய்ம் போனஸ் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வண்டிக்கு மூன்று வருடம் வரை செல்லும். அரசின் எம்-பரிவாஹன் ஆப்பில் புதுப் பெயர் வந்துவிட்டதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

அப்பாவின் நோட்டை விட்டுவிடாதீர்கள். வரிசையாக எழுதிய சர்வீஸ் கணக்கு இருந்தால் வாங்குபவர் பேரம் பேசுவது குறையும். பெல்ட் மாற்றிய அன்று தேதி, கிலோமீட்டர், பில் தொகை மூன்றையும் அவர் எழுதி நிறுத்திய பக்கத்திலேயே அடுத்த வரியில் எழுதுங்கள்.