மாதம் 600 வெள்ளி: புலனாய்வுச் செய்திக்கு எப்படிக் கொடுப்பது?

கேள்வி: மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்த நாங்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) போட்டு, தென்கிழக்காசியாவில் லாப நோக்கமில்லாமல் புலனாய்வுச் செய்தி வெளியிடும் அமைப்புக்குக் கொடுக்க நினைக்கிறோம். யாருக்கு, எப்படி? வரிக்கழிவு கிடைக்குமா? தோட்டத் தொழிலாளர் வீடுகளைப் பற்றி எழுதும்படி கேட்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். தோட்ட வீட்டுப் பிரச்சினையைச் செய்தி ஆசிரியருக்குத் தனிக் கடிதமாக எழுதுங்கள். பணத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள். தோண்டத் தொடங்கும் விஷயங்களில் பல பாதியிலேயே நின்றுவிடும். ஆவணம் பொருந்தாது, சாட்சி பின்வாங்குவார். அப்போது “இதை விடுவோம்” என்று சொல்லும் சுதந்திரம் ஆசிரியருக்கு வேண்டும். அந்தத் தலைப்புக்கென்றே வாங்கிய பணம் இருந்தால், அரைகுறைச் செய்தியை வெளியிடும் ஆசை வரும். அவதூறு வழக்கு வந்தாலோ, “காசு கொடுத்து எழுத வைத்தார்கள்” என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து நிற்பார்.

உங்கள் பணம் எவ்வளவு தூரம் போகும்? ஒரு நிருபரின் மாதச் சம்பளம் 4,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதலாளி கட்டும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 13 விழுக்காடு, அதாவது 585 வெள்ளி. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவைச் சேர்க்காமலேயே மாதம் 5,085. நீங்கள் ஆண்டுக்குக் கொடுக்கும் 7,200 வெள்ளி ஒரு நிருபரின் ஏறத்தாழ ஆறு வாரம். ஒரு நல்ல புலனாய்வு நான்கைந்து மாதம் எடுக்கும். பயணம், மொழிபெயர்ப்பு, எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) நிறுவன விவரம் வாங்குவது, நில அலுவலகத் தேடல், வெளியிடுமுன் வழக்கறிஞர் வரிவரியாகப் படிப்பது எல்லாம் தனிச் செலவு. இவற்றில் கடைசியானதற்குத்தான் நன்கொடையாளர்கள் கொடுக்கத் தயங்குவார்கள். ஆனால் அதை விட்டால்தான் மோசம்.

அதனால் “எந்தச் செலவுக்கும்” என்று எழுதிக் கொடுங்கள். நெருக்கடியில் வரும் பணம் வேறு: 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தபோது, வாசகர்கள் சில மணி நேரத்திலேயே திரட்டிக் கொடுத்தார்கள். மாத வாடகைக்கு அப்படி யாரும் ஓடிவருவதில்லை. பெரிய ஒற்றை நன்கொடையாளரை நம்புவதும் ஆபத்து. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் மியன்மார் சுதந்திர ஊடகங்கள் தள்ளாடின.

யாருக்கு? உலகப் புலனாய்வு இதழியல் வலையமைப்பின் உறுப்பினர் பட்டியலை நாடு வாரியாகப் பாருங்கள். அதன் 2025 மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. பிலிப்பைன்ஸில் 1989இல் தொடங்கிய பிலிப்பைன்ஸ் புலனாய்வு இதழியல் மையம் இந்த வட்டாரத்தின் மூத்த அமைப்பு. அதிபர் எஸ்ட்ராடாவின் சொத்துகளை 2000இல் வெளிக்கொண்டு வந்தது அதுதான். மலேசியாகினி லாப நோக்கமற்ற அமைப்பல்ல, சந்தா வாங்கும் நிறுவனம். அதை ஆதரிக்கச் சந்தாவே நேர்வழி.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நாலு விஷயம் கேளுங்கள்: எந்தப் பதிவில் இருக்கிறீர்கள்? தணிக்கை செய்த கடைசிக் கணக்கு எங்கே? பெரிய நன்கொடையாளர் யார்? தவறு நேர்ந்தால் எங்கே திருத்தம் போடுகிறீர்கள்? மலேசிய அமைப்பானால் சங்கப் பதிவிலாகாவிலோ, உத்தரவாத வரம்பு நிறுவனமாக (பங்குகள் இல்லாமல் உறுப்பினர் உத்தரவாதத்தில் நிற்பது) எஸ்எஸ்எம்மிலோ பதிவு இருக்க வேண்டும். சாதாரண சென்டிரியான் பெர்ஹாட்டாக (தனியார் நிறுவனமாக) இருந்தால் “லாப நோக்கமற்றது” என்ற சொல்லுக்குச் சட்டப் பிடிப்பில்லை. கணக்கைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். சிறு நன்கொடையாளரின் பெயரை மறைப்பது நியாயமே. பெரியவர்களின் பெயரையும் மறைத்தால் நகர்ந்துவிடுங்கள். தனிநபர் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தாலும் அப்படியே.

பணத்தை ஒருவர் கணக்கில் திரட்டாதீர்கள். பன்னிரண்டு பேரும் தனித்தனியாக மாதாந்திர வங்கி உத்தரவு போட்டால் ரசீது அவரவர் பெயரில் வரும், ஒருவர் விலகினாலும் மற்றது நிற்காது. வெளிநாட்டு அமைப்புக்கு மாதம் 50 வெள்ளியை வங்கிவழி அனுப்பினால் கட்டணமே விழுங்கிவிடும்; கார்டில் செலுத்துங்கள், அல்லது ஆண்டுக்கு ஒருமுறை அனுப்புங்கள். கோயில் திருவிழாவில் உண்டியல் வைக்கலாம் என்று யாராவது சொன்னால், பொது இடத்தில் வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறை அனுமதி வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள்.

வரிக்கழிவு வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்புகளுக்கு மட்டும், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை. அங்கீகாரக் குறிப்பு ரசீதிலேயே இருக்கும், இல்லையென்றால் இல்லைதான். வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுப்பது இதில் சேராது. ரசீதுகளை ஏழு ஆண்டு வையுங்கள்.

தோட்ட விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. “சுலிட்” (ரகசியம்) என்று முத்திரையிட்ட அரசு ஆவணம் கையில் கிடைத்தால் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 1972ஆம் ஆண்டு அதிகாரப்பூர்வ ரகசியச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் குறைந்தபட்சமே ஓராண்டுச் சிறை. தகவல் தருவோரைப் பாதுகாக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் அமலாக்க அமைப்பிடம் சொல்பவருக்குத்தான், நிருபரிடம் சொல்பவருக்கல்ல. பினாங்கில் நல்ல வேளையாக மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. மாநில, உள்ளூராட்சித் துறைகளின் ஆவணங்களை முதலில் அந்த வழியில் கேட்டுப் பாருங்கள்.

மாதக் கொடை பல வேளைகளில் நிற்பது மனம் மாறியல்ல, கார்டு காலாவதியாகி. புதிய கார்டு கைக்கு வந்த அன்றே எண்ணை மாற்றிப் பதியுங்கள்.