மகள் ஆடட்டும், நீங்களும் இறங்குங்கள்

கேள்வி: என் கணவர் பசிபிக் தீவு நாடான சமோவாக்காரர். நியூசிலாந்தின் ஆக்லாந்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் சமோவா மொழி அவருக்கு அரைகுறைதான். 9 வயது மகள் பரதநாட்டியம் கற்கிறாள். 'எங்கள் ஆட்டமும் பழகட்டும், சர்ச்சில் நடக்கும் பயிற்சிக்கு அனுப்பு' என்கிறார் மாமியார். இரண்டும் குழம்பிவிடாதா? எனக்கு ஆடத் தெரியாது; ஆனாலும் யூடியூப் பார்த்து நானே சொல்லிக்கொடுத்தால் போதாதா?
– ஒரு வாசகி, ஆக்லாந்து

பதில்: குழம்பாது. வீட்டில் இரண்டு மொழி கேட்டு வளர்கிற பிள்ளைக்கு இரண்டு ஆட்டம் பாரமில்லை. யூடியூபில்தான் எனக்குச் சம்மதமில்லை. சமோவா ஆட்டத்தில் கை பாட்டின் சொல்லைப் பின்தொடர்கிறது. சொல் தெரியாமல் கையை மட்டும் பார்த்துப் பழகினால், பொருள் தெரியாமல் பதத்துக்கு அபிநயம் பிடித்த கதைதான். அந்தச் சொல் உங்கள் மாமியாரிடம் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பாட்டியிடம் அர்த்தம் கேட்டு மகள் நோட்டில் எழுதட்டும். கணவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருக்கு விட்டுப்போன மொழியும் கொஞ்சம் ஒட்டும்.

முதலில் சாசா போதும். வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, தாளத்துக்கு எல்லோரும் ஒன்றாகக் கை அசைப்பது. துடுப்புப் போடுவது, மீன் பிடிப்பது என்று தினப்படி வேலைகளே அசைவுகளாக வரும். தனியாக நிற்கும் கூச்சம் கிடையாது. தாளத்துக்கு, குடைந்த மரத்துண்டான பாத்தே. இல்லாவிட்டால் சுருட்டிய பாயும் இரண்டு குச்சிகளும். இன்று மாலையே ஒரு பாயைச் சுருட்டிப் பாட்டி கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் வேகத்தைக் கூட்டக் கூட்டப் பிள்ளை சிரித்துக்கொண்டே தடுமாறும். அதுதான் முதல் பாடம்.

சர்ச்சுக்கும் அனுப்புங்கள். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு அவர்களுக்கு 'வெள்ளை ஞாயிறு'. பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வசனம் சொல்வார்கள், பாடுவார்கள், நடிப்பார்கள். மற்ற நாளில் பெரியவர்களுக்குத்தான் முதல் பந்தி, அன்று பிள்ளைகளுக்கு. எந்தக் குழந்தை வேண்டாம் என்று சொல்லும்? உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் பாலிஃபெஸ்ட் இருக்கிறது. 1976-இல் ஆக்லாந்தின் ஓட்டாரா பகுதியில் நாலே பள்ளிகளோடு தொடங்கிய பள்ளி நடன விழா அது. சமோவா, டோங்கா, மாவோரி என்று தனித்தனி மேடைகள். இந்திய நடனம் ஆடவும் ஒரு மேடை உண்டு. எதில் ஏறுவது என்பதை அப்போது அவளே முடிவு செய்துகொள்ளட்டும்.

அப்புறம், உங்கள் விஷயம். நிகழ்ச்சியின் கடைசியில் வருவது தௌஅலுங்கா. நடுவில் ஒருத்தி முழங்காலைச் சற்றே தளர்த்தி, விரல் நுனிவரை நிதானமாக ஆடுவாள். சொந்தக்காரர்கள் அவளுக்குப் பணம் வைப்பார்கள். சுற்றிலும் சிலர் கத்திக்கொண்டு, குதித்து, கோணங்கித்தனம் செய்வார்கள். அது இடைஞ்சல் இல்லை. அதற்கு ஐயூலி என்றே பெயர். சுற்றி நிற்பவர்கள் எவ்வளவு முரட்டுத்தனமாக ஆடுகிறார்களோ, நடுவில் இருப்பவளின் நளினம் அவ்வளவு எடுப்பாகத் தெரியும். ஆடத் தெரியாது என்கிறீர்களே, உங்களுக்கென்றே வைத்த இடம் மாதிரி இருக்கிறது. மகள் தௌஅலுங்கா ஆடும் நாளில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிடுங்கள்.