ஆறு கடக்கும் சண்டையில் இழப்பை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: கணினியில் ஒரு போர் மாதிரி எழுதி வருகிறேன். தரைச் சண்டைக்கு லான்செஸ்டரின் வர்க்க விதியைப் (படையின் பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்ற கணக்கு) பயன்படுத்துகிறேன், ஓரளவு சரியாகவே வருகிறது. எதிரி காவல் காக்கும் ஆற்றைக் கடந்து தாக்கும்போது, தாக்குபவரின் இழப்பை 1.5 ஆலோ 2 ஆலோ பெருக்கினால் போதுமா?

பதில்: எந்த எண்ணாலும் பெருக்க வேண்டாம். ஆறு எதிரியின் குண்டுக்கு வீரியம் கூட்டுவதில்லை. ஒரு நேரத்தில் அக்கரையில் எத்தனை பேர் நின்று சண்டை போட முடியும் என்பதைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. இதைச் சரியாக எழுதிவிட்டால் இழப்பின் பெரும்பகுதி தானாகவே கணக்கில் வந்துவிடும்.

உங்கள் விதியிலேயே போட்டுப் பாருங்கள். 900 பேர் தாக்குகிறார்கள், 300 பேர் காக்கிறார்கள், ஆளுக்கு ஆள் திறன் சமம். சமவெளியில் எல்லோரும் ஒரே நேரத்தில் மோதினால், 900-இன் வர்க்கத்திலிருந்து 300-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுக்க வேண்டும். 848 பேர் மிஞ்சுவார்கள், அதாவது இழப்பு 52.

இப்போது நடுவில் ஆற்றை வையுங்கள். 20 படகுகள், படகுக்கு 10 பேர். முதல் நடையில் இறங்கும் 200 பேர் 300 பேரோடு மோதி அழிகிறார்கள். காப்பவர்களில் 224 பேர் மிச்சம். படகுகள் திரும்பி வருவதற்குள் பாதி போய்விட்டால் அடுத்த நடையில் 100 பேர்தான். அவர்களும் அழியும்போது எதிரில் இன்னும் 200 பேர் இருக்கிறார்கள். அப்புறம் 50 பேர், அதே கதை. மூன்று நடையில் 350 பேர் போயும் கரை கைக்கு வரவில்லை. இக்கரையில் 550 பேர் ஏறப் போதிய படகில்லாமல் நிற்கிறார்கள். நிஜத்தில் யாரும் கடைசி ஆள் வரை சண்டை போடுவதில்லை, அதனால் இந்த எண்கள் மிகையானவைதான். ஆனால் ஒரு துப்பாக்கியின் திறனைக்கூட மாற்றாமல் 52 எப்படி 350 ஆனது என்று பாருங்கள்.

பாதிப் படகு என்று எடுத்துக்கொண்டது அதிகமில்லை. 1944 செப்டம்பர் 20 அன்று நெதர்லாந்தின் நைமேகன் அருகே வால் ஆற்றைப் பட்டப்பகலில் கடந்த அமெரிக்கப் பாராசூட் படையின் முதல் நடையில் போன படகுகள் 26. திரும்பியவை 11 என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்கள் கரையைப் பிடித்தார்கள் என்பது வேறு விஷயம்.

ஆற்றின் அகலத்தை முக்கிய மாறியாக வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இத்தாலியின் ராபிடோ ஆறு 25 முதல் 50 அடி அகலம்தான். 1944 ஜனவரி 20 முதல் 22 வரை அங்கே அமெரிக்காவின் 36-ஆவது காலாட்படை டிவிஷன் 1,681 பேரை இழந்தது. எதிரே ஜெர்மானியர் தரப்பில் பதிவானது 64 பேர் சாவு, 179 பேர் காயம். 1945 மார்ச் 22 இரவு ஜெர்மனியின் ஓப்பன்ஹைமில் அமெரிக்கத் தளபதி பேட்டனின் படை ஏறத்தாழ ஆயிரம் அடி அகலமுள்ள ரைன் நதியைச் சத்தமில்லாமல் கடந்தது. கடப்பதற்கு ஆன இழப்பு 28 பேர். ராபிடோவில் எதிரி தயாராகக் காத்திருந்தான், ஓப்பன்ஹைமில் ஆளே குறைவு.

பழைய போர்களின் சராசரியிலிருந்து பெருக்கல் எண் எடுப்பதில் உள்ள பொறியும் இதுதான். தளபதிகள் பொதுவாகக் காவல் குறைந்த இடத்தைத் தேடித்தான் கடப்பார்கள். எல்லா ஆறு கடத்தல்களையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால், ஆற்றால் பெரிய பாதிப்பே இல்லை என்று எண்கள் சொல்லக்கூடும். எதிர்ப்பு இருந்தவற்றைத் தனியே பிரிக்காமல் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

ராபிடோவின் 1,681-ஐ இன்னும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்: சாவு 143, காயம் 663, காணாமல் போனவர் 875. பாதிக்கு மேல் மூன்றாவது வகை. பாலம் நிலைக்கவில்லை, அக்கரைக்குப் போனவர்களுக்கு டாங்கி வரவில்லை, குண்டும் தீர்ந்தது. அவர்களில் பலர் சிறைப்பட்டார்கள். ஆகவே உங்கள் மாதிரியில் சிறைப்பட்டவர்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும். பின்னாலிருந்து ஆளும் குண்டும் வரும் வழி அறுந்து, ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் சீராகவும் இல்லை என்றால், அக்கரைப் படையை அந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்.

இக்கரையையும் விட்டுவிடாதீர்கள். ராபிடோவில் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே கண்ணிவெடியிலும் பீரங்கிக் குண்டிலும் ஆட்களும் படகுகளும் போயின. 2022 மே மாதம் உக்ரைனின் பிலோகோரிவ்கா அருகே ரஷ்யப் படை இழந்த வாகனங்கள் மிதவைப்பாலத்தை ஒட்டி இரு கரையிலும் குவிந்து கிடந்தன. பாலத்துக்காக வரிசையில் நிற்கும் கூட்டமும் இலக்குதான். பீரங்கித் தாக்குதலை அங்கே தனியாகக் கணக்கிடுங்கள்.

படகு எண்ணிக்கை, ஒரு நடைக்கு ஆகும் நேரம், நடைக்கு எத்தனை படகு அழியும், முதல் பாலம் எப்போது தயாராகும், எதிரி எவ்வளவு சீக்கிரம் விழிப்பான். இந்த ஐந்தும் இருந்தால் தொடங்கிவிடலாம். புகைத்திரையும் இரவும் படகு இழப்பைக் குறைக்கும், ஆனால் நடை நேரத்தைக் கூட்டும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஒரே ஓட்டத்தில் விடை எடுக்காதீர்கள். கரையில் கால் ஊன்றினால் இழப்பு குறைவு, ஊன்ற முடியாவிட்டால் மிக அதிகம். நடுவில் வருவது அபூர்வம். ஆயிரம் முறை ஓட்டி, சராசரிக்குப் பதிலாக விடைகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பாருங்கள். சரிபார்க்க ராபிடோவையும் ஓப்பன்ஹைமையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தந்த இடத்து அகலம், படகு, எதிரியின் பலம், விழிப்பு ஆகியவற்றை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடாமல், இரண்டுக்கும் கிட்டத்தட்டச் சரியான விடை வருகிறதா என்று பாருங்கள்.