கோபத்துக்கு முகவரி

அமெரிக்க நகரப் பள்ளிகளில் ஆசிரியர் வேலையை உதறிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி, சென்ற இதழில் வேறொரு கேள்விக்கு விடை எழுதும்போது இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் ஓர் உறை நிறைய இருக்கின்றன. அப்படியொரு நகரப் பள்ளி மாவட்டத்தில் பத்தொன்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்குகிறேன். ‘பள்ளி மாவட்டம்’ என்றால், ஒரு நகரத்தின் அரசுப் பள்ளிகளை மட்டும் நடத்துவதற்கென்று அங்கே உள்ள தனி உள்ளாட்சி அமைப்பு என்று கொள்க. அதற்கு ஒரு வாரியம் உண்டு. பெரும்பாலான ஊர்களில் அந்த வாரியத்தை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், வாரியம் மாவட்டத்தின் தலைமை நிர்வாகியாக ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கிறது.

கேள்வி: ஒன்பது ஆண்டுகளில் நான்கு கண்காணிப்பாளர்களைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொருவரும் வந்ததும் வராததுமாகப் பழைய கணிதப் பாடத்திட்டத்தை நிறுத்திவிட்டுப் புதியதொன்றை வாங்குகிறார்கள். தலைமையாசிரியரைக் கேட்டால் ‘மேலிடத்து உத்தரவு’ என்கிறார். சம்பளத்தைவிட இதுதான் என்னை வதைக்கிறது. என்னிடம்தான் பொறுமை இல்லையா?
– நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: உங்கள் பொறுமையைச் சந்தேகிக்காதீர்கள். பெருநகர மாவட்டத்தின் கண்காணிப்பாளர் பெரும்பாலும் வெளியூரிலிருந்து, சில ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தில் வருகிறவர். அவரை நியமித்த வாரியத்தினர் அடுத்த தேர்தலைச் சந்திக்க வேண்டியவர்கள் என்பதால், முதல் ஆண்டுக்குள் ஊர் கண்ணில் படும்படி ஏதாவது நடந்தாக வேண்டும். முந்தையவர் தொடங்கியதைச் சீராகத் தொடர்ந்து நடத்துவது யார் கண்ணிலும் படாது. புதிய பாடத்திட்டம் என்றால் அதற்கொரு பெயரும் தொடக்க விழாவும் செய்தியாளர் சந்திப்பும் கிடைக்கின்றன. அதன் பலன் தெரிய ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பது அவருக்கும் தெரியும். அப்போது அவர் வேறொரு நகரத்தில் இருப்பார். நீங்கள் அதே வகுப்பறையில் இருப்பீர்கள்.

நான் பணிபுரிந்த பள்ளியில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சரக்கறை இருந்தது. ஒருமுறை நாற்காலி தேடி அதைத் திறந்தபோது, மூன்று வெவ்வேறு பாடத்திட்டங்களின் ஆசிரியர் கையேடுகள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் அட்டைப்பெட்டிகளில் கூரைவரை அடுக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். அந்த ஆண்டுதான் நகலெடுக்கும் தாளுக்குத் தட்டுப்பாடு என்று ஆளுக்கு மாதம் இரண்டு கட்டு வீதம் அளந்து கொடுத்தார்கள். நானும் இன்னொரு ஆசிரியரும் அந்தக் கையேடுகளில் வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று உறையைக் கிழித்துப் பார்த்தோம். இல்லை.

ஆசிரியர் பற்றாக்குறைக்கு ஓய்வுபெறுவோரின் எண்ணிக்கையைக் காரணம் காட்டுவது வழக்கமாக இருந்த காலத்தில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் இங்கர்சால் 2001இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கணக்கை மாற்றியது. ஓய்வுபெறுவோரைவிட, மனக்குறையாலும் வேறு வேலை தேடியும் போகிறவர்களே மிகுதி என்றும், குறைந்த சம்பளத்தோடு நிர்வாகத்தின் ஆதரவின்மையும் பள்ளி முடிவுகளில் தமக்குக் குரலில்லாமையும் அந்த மனக்குறைக்குக் காரணங்கள் என்றும் அவர் காட்டினார். ஆகவே உங்கள் புலம்பல் தனிப் புலம்பல் அன்று.

‘மேலிடம்’ என்ற சொல்லை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். வாரியம், கண்காணிப்பாளர், பாடத்திட்டப் பிரிவு, மாநிலக் கல்வித் துறை என்று நான்கு மாடிகள் இருக்கின்றன. உத்தரவு எந்த மாடியிலிருந்து வந்தது என்று தலைமையாசிரியரிடம் மின்னஞ்சலில், பணிவாகவே கேளுங்கள். வாரியத்தின் தீர்மானங்கள் பொது ஆவணங்கள். எந்தத் தேதிக் கூட்டத்தில், எத்தனை ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கிடைத்தது என்பதை அவற்றில் பார்க்கலாம். என் அனுபவத்தில், மேலிடத்து உத்தரவு என்று எங்களுக்குச் சொல்லப்பட்டவற்றில் பாதி, பாடத்திட்டப் பிரிவின் நடுத்தர அதிகாரி ஒருவர் எழுதிய பரிந்துரையாகவே இருந்தது.

கேள்வி: டெட்ராய்ட் நகரில் ஆசிரியர்கள் ஒரே நாளில் நோய் விடுப்பு எடுத்துப் பள்ளிகளை மூடவைத்தார்களாமே? கோபம் நிர்வாகத்தின் மீது, தண்டனை பிள்ளைகளுக்கா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

பதில்: நியாயமான கேள்விதான், ஆனால் கதையை அந்த விடுப்பு நடந்த 2016இல் தொடங்கினால் ஆசிரியர்கள் மட்டுமே குற்றவாளிகளாகத் தெரிவார்கள். மிச்சிகன் மாநிலத்தில் 1994இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, பள்ளிகளின் அன்றாடச் செலவுக்கான பணத்தில் பெரும்பகுதி உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வராமல், மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மாநிலத்திடமிருந்து வரத் தொடங்கியது. மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த நகரத்துக்கு இது என்ன செய்யும் என்று வங்கியில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வகுப்பிலிருந்து நான்கு பிள்ளைகள் போனால் நான்கு பங்குப் பணமும் போகும். ஆசிரியரின் சம்பளமும் கட்டடத்தின் வெப்பமூட்டும் செலவும் அப்படியே நிற்கும்.

1999இல் மாநிலம் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தை ஒதுக்கிவைத்தது. சில ஆண்டுகளில் அது திரும்பியபோதும் 2009இல் ஆளுநர் ஓர் அவசரகால நிதி மேலாளரை நியமித்தார். அதன் பிறகு 2016 வரை ஒருவர் மாற்றி ஒருவராக மாநிலம் அனுப்பியவர்களே மாவட்டத்தை நடத்தினார்கள். 2009ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆசிரியர்களின் ஒவ்வொரு சம்பளத்திலும் 250 டாலர் பிடித்து, ஆளுக்கு 10,000 டாலர்வரை மாவட்டத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டார்கள். வேலையை விட்டுப் போகும்போது அது திரும்பக் கிடைக்கும் என்பது ஏற்பாடு. கடன் கொடுத்த ஆசிரியரைச் செலவுப் பட்டியலின் ஒரு வரியாக மட்டுமே பார்க்கும் நிர்வாகத்தை நினைத்துப் பாருங்கள்.

2015 ஜனவரியில் மேலாளராக வந்த டார்னெல் எர்லி, அதற்கு முன் ஃபிளின்ட் நகரின் அவசரகால மேலாளராக இருந்தவர். பின்னர் குழாய்நீரில் ஈயம் கலக்கக் காரணமாகும்படி, அந்நகரின் குடிநீர் ஆதாரம் ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்ட 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கே பொறுப்பில் இருந்தவர் அவரே. அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வதை மிச்சிகன் சட்டம் 1947 முதல் தடைசெய்திருப்பதால், டெட்ராய்ட் ஆசிரியர்களுக்கு எஞ்சிய வழி நோய் விடுப்பு மட்டுமே. 2016 ஜனவரி 20 அன்று, குடியரசுத் தலைவர் ஒபாமா நகருக்கு வந்திருந்த நாளில், 88 பள்ளிகள் மூடிக்கிடந்தன. நெளிந்துபோன உடற்பயிற்சிக் கூடத் தரையையும் பூஞ்சை பூத்த சுவரையும் ஆசிரியர்கள் படமெடுத்துப் பொதுவெளியில் இட்டது அந்த மாதத்தில்தான்.

மே மாதத்தில் நிலைமை முற்றியது. ஜூன் 30க்குப் பிறகு சம்பளம் கொடுக்கப் பணமிருக்காது என்று, அப்போது பொறுப்பிலிருந்த ஸ்டீவன் ரோட்ஸ் ஆசிரியர் சங்கத்திடம் தெரிவித்தார். கோடை விடுமுறையில் என்ன சம்பளம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் பத்து மாத உழைப்பின் ஊதியத்தை ஆண்டு முழுவதற்குமாக 26 தவணைகளில் பிரித்து வாங்கும் முறையை ஆசிரியர்களில் பலர் தேர்ந்தெடுத்திருந்தார்கள்; அதாவது ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கான பணம் அது. மே 2 அன்று 97 பள்ளிகளில் 94 மூடப்பட்டன. ஜூனில் சட்டமன்றம் 617 மில்லியன் டாலர் மீட்புத் திட்டத்தை நிறைவேற்றியது. 2017 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் மீண்டும் பொறுப்பேற்றது. அது அந்த ஆண்டில் நியமித்த நிக்கோலாய் விட்டி, ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பதவியில் இருந்தார். நகர மாவட்டங்களில் இது அரிது.

பிள்ளைகள் இழந்த அந்த நாட்கள் இழப்புதான். அதை மறுக்கும் ஆசிரியரை நான் நம்பமாட்டேன். ஆனால் நிரந்தர ஆசிரியர் இல்லாமல் ஒரு வகுப்பு மாதக்கணக்கில் கழிந்தால், அந்த நாட்களை எந்தச் செய்தித்தாளும் எண்ணுவதில்லை.

கேள்வி: எங்கள் ஹூஸ்டனில் மாநிலமே பள்ளிகளை எடுத்துக்கொண்டுவிட்டது. மதிப்பெண் ஏறியிருக்கிறது என்கிறார்கள், ஆனால் என் மகளுக்குப் பிடித்த ஆசிரியர்கள் போய்விட்டார்கள். கண்டிப்பான நிர்வாகி நல்லதா, கெட்டதா?
– ஒரு தாய்

பதில்: இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கின்றன, அம்மா. 2023 ஜூனில் டெக்சஸ் மாநிலம், தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தின் இடத்தில் தான் தேர்ந்த நிர்வாகிகளையும் கண்காணிப்பாளராக மைக் மைல்ஸையும் அமர்த்தியது. அவர் திட்டத்தின்கீழ் வந்த பள்ளிகளில் பாடத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நிமிடக் கணக்கு, மாவட்டமே தயாரித்த படவில்லைகள், பாடத்தின் முடிவில் ஒரு சிறு தேர்வு என்று எல்லாம் வரையறுக்கப்பட்டன. பல பள்ளிகளில் நூலகம், வகுப்பில் ஒழுங்கு குலைத்த மாணவரை அனுப்பிவைக்கும் அறையாக மாறியது. மாநிலத் தேர்வில் மதிப்பெண்கள் உயர்ந்தன. ஆசிரியர்கள் பெரும் எண்ணிக்கையில் விலகவும் செய்தார்கள்.

புதிதாக வந்த ஆசிரியருக்கு, எழுதிக் கொடுத்த பாடம் ஊன்றுகோல். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு அது கைவிலங்கு. இருவருக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்ததுதான் என் பார்வையில் பிழை. 2024 நவம்பரில் பள்ளிக் கட்டடங்களுக்காக 4.4 பில்லியன் டாலர் கடன் திரட்ட அனுமதி கேட்டபோது வாக்காளர்கள் அதை நிராகரித்தார்கள். கட்டடங்கள் பழுதடைந்தவை என்பதில் எதிர்த்தவர்களுக்கும் ஐயமில்லை. நம்பிக்கை இல்லையேல் கடனும் இல்லை என்பதே அவர்கள் முழக்கமாக இருந்தது.

கேள்வி: மதிப்பெண் உயராவிட்டால் உங்கள் வேலைக்கு நான் பொறுப்பல்ல என்று துணைத் தலைமையாசிரியர் சொல்கிறார். ‘எப்படியாவது’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறார். நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம்

பதில்: அன்று மாலையே, நடந்த உரையாடலைத் தேதியுடன் எழுதி, “இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?” என்று அவருக்கே அனுப்புங்கள், ஒரு படியைச் சங்கப் பிரதிநிதியிடம் கொடுத்துவையுங்கள். அட்லாண்டா மாவட்டத்தில் மதிப்பெண்ணை உயர்த்த, மாணவர்களின் தவறான விடைகளைப் பள்ளியினரே அழித்து மாற்றியதைப் பற்றி 2011இல் வந்த மாநில விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்களைக் குறிப்பிட்டது. 2015 ஏப்ரலில் பதினொரு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அழிப்பானைக் கையில் எடுத்த ஆசிரியரும் அவர்களில் உண்டு. ‘எப்படியாவது’ என்ற சொல்லை நீதிமன்றத்தில் உங்களுக்காக யாரும் வந்து விளக்கமாட்டார்கள்.

கேள்வி: முதன்முறையாக வாரியக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். சொல்ல ஆயிரம் இருக்கிறது. எதைச் சொல்வது?
– அறிவியல் ஆசிரியர்

பதில்: பொதுவாக இரண்டு அல்லது மூன்று நிமிடங்கள் தருவார்கள், மணி அடித்ததும் ஒலிவாங்கி அணைந்துவிடும். முதன்முறை நான் என் பெயரையும் பணியாற்றிய ஆண்டுகளையும் என் மனவேதனையையும் சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. உறுப்பினர்களில் ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுறை, ஆய்வகத்தில் வாயுக்குழாய் ஒழுகுவதாகக் கொடுத்த மூன்று விண்ணப்பங்களின் தேதிகளை மட்டும் படித்துவிட்டு, அவற்றின் நகலை மேசையில் வைத்து, எப்போது ஆள் வருவார் என்று கேட்டேன். நாற்பது நொடிதான் ஆயிற்று. மீதி நேரத்தில் பேசாமல் அங்கேயே நின்றேன். தலைவர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் குறிப்பேட்டில் எழுதினார். வியாழக்கிழமை ஆள் வந்தார்.