பின் அச்சை மாற்றினால் இன்ஜின் இரைச்சல் அடங்குமா?

கேள்வி: என் தந்தை 1972-இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 2 காரை இன்றும் ஓட்டி வருகிறேன். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். மாதம் ஒருமுறை ஜி.எஸ்.டி. சாலை வழியே திண்டிவனம் சென்று வருகிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே இன்ஜின் கதறுகிறது. பின் அச்சின் நடுவே சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல் பெட்டியான டிஃபரன்ஷியலைத் திறந்து பார்த்த மெக்கானிக், 8-க்கு 39 என்று பல் கணக்குச் சொன்னார். புதுப்பேட்டையில் கான்டெசா காரின் முழுப் பின் அச்சு ஒன்று விலைக்கு வந்துள்ளது. அதை வாங்கி மாட்டலாமா? ஆண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஏற்காட்டுக்கும் இதே காரில்தான் செல்கிறோம்.
– வாசகர், நங்கநல்லூர்

பதில்: உங்கள் மெக்கானிக் சொன்ன கணக்கிலேயே காரணம் இருக்கிறது. இன்ஜின் பக்கமிருந்து சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 8 பல், அது சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 39 பல் என்றால் விகிதம் 4.875; அதாவது சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஏறக்குறைய ஐந்து முறை சுற்றிவிடுகிறது. உங்கள் காரில் டாப் கியர், சுற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் கடத்தும் நேர் கியர் என்பதால் இன்ஜினும் அதே அளவு சுற்றியாக வேண்டும். டயரின் சுற்றளவைத் தோராயமாக 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,250 சுற்று ஓடும். 9-க்கு 41 பல் கொண்ட ஜோடியைப் போட்டால் (4.555) அது 3,040 அளவுக்கும், 11-க்கு 43 பல் கொண்ட ஜோடியைப் போட்டால் (3.909) 2,600 அளவுக்கும் இறங்கும்.

2,600 என்றதும் யாருக்கும் ஆசை வரும். ஆனால் சுற்று குறைகிற அதே அளவுக்குச் சக்கரத்தில் இழுவையும் குறையும் என்பதை மறந்துவிடக் கூடாது. 3.909-க்குப் போனால் ஒவ்வொரு கியரிலும் ஐந்தில் ஒரு பங்கு இழுவை போய்விடும். அந்த 11-க்கு 43 ஜோடி, உங்கள் இன்ஜினின் குடும்பத்திலேயே பெரியதான 1798 சிசி இன்ஜினுடன், இரண்டு பேர் அமரும் எம்ஜிபி காரில் வந்தது. அதே 1489 சிசி இன்ஜினை வைத்திருந்த எம்ஜி மேக்னெட் காரிலோ, 1956-இல் வந்த இசட்பி வடிவத்தில் 4.875-இலிருந்து 4.555-க்கு ஒரே ஒரு படிதான் இறங்கினார்கள். அதுவும் இன்ஜினின் குதிரைத்திறனைக் கூட்டிய பிறகு. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய அம்பாசடர், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நின்று கிளம்ப வேண்டியிருக்கும். அங்கே இழுவை போதாமல் கிளட்சை அரைபட விட்டு ஓட்டினால் கிளட்ச் தட்டு கருகிவிடும். ஆகவே 4.555-ஐத் தாண்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அதில் இழக்கும் இழுவை ஏழு சதவீதத்துக்கும் குறைவுதான்.

கான்டெசா அச்சை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது காயில் ஸ்பிரிங்குக்காக அமைந்த அச்சு. உங்கள் கார் பட்டை ஸ்பிரிங்கில் நிற்பது. பழைய தாங்கிகளை வெட்டிவிட்டுப் பட்டை ஸ்பிரிங் அமரும் புதிய தாங்கிகளை வெல்டிங் செய்தாக வேண்டும். அவை ஒரு டிகிரி பிசகினாலும் பினியன் சாய்ந்து, புரொப்பல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் கிராஸ்கள் அதிரத் தொடங்கும். போல்ட் இடைவெளி, பிரேக் டிரம், ஹேண்ட்பிரேக் கேபிள், ஷாஃப்டின் நீளம் என்று அடுத்தடுத்து வேலை நீண்டுகொண்டே போகும். இவ்வளவுக்கும் அவசியமே இல்லை. அம்பாசடரில் ஆக்சில் ஷாஃப்டுகளை உருவிவிட்டால் டிஃபரன்ஷியல் தனி உருண்டையாக முன்பக்கமாகக் கழன்று வந்துவிடும்; அச்சின் வெளிக்கூடான ஹவுசிங்கைத் தொடாமல் பல் ஜோடியை மட்டும் மாற்றலாம்.

பழைய ஜோடி வாங்கப் போகும்போது கிரவுனையும் பினியனையும் கையில் எடுத்து, இரண்டிலும் பொறித்திருக்கும் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். இவை ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. ஒன்றின் கிரவுனோடு மற்றொன்றின் பினியன் சேரவே சேராது. முழு அச்சாக விற்கிறார்கள் என்றால் திறக்காமலே விகிதத்தைக் கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கத்துச் சக்கரம் அசையாதபடி பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை 20 சுற்றுச் சுற்றி, பினியன் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். நாற்பத்தொன்பதுக்குக் கால் சுற்றுக் குறைந்தால் உங்களிடம் இருக்கும் அதே 4.875, நாற்பத்தைந்தரை வந்தால் 4.555.

இன்னொன்றையும் கட்டாயம் கவனியுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால், ஜோடியை மாற்றிய பின் அது வேகத்தைக் குறைத்தே காட்டும். 4.555-இல் முள் 80-ஐக் காட்டும்போது கார் 85-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும், 3.909 ஆக இருந்தால் 100-ஐயே தொட்டிருக்கும். மீட்டரைத் திருத்தாமல் நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

கேள்வி: சென்ற மாதம் ஒரு பட்டறையில் கிரவுன், பினியன் மாற்றினேன். அன்றிலிருந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து ஊளையிடுவது போல் ஓசை வருகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ஆகாது. மிதிக்கும்போது மட்டும் எழும் ஊளை, பற்கள் பொருந்தும் இடம் தவறியிருப்பதன் அடையாளம். வளைவில் திரும்பும்போது ஓசை மாறினால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நீங்கள் சொல்வது அதுவல்ல. கிரவுன் பற்களில் நீல மசியைப் பூசிச் சுற்றிப் பார்த்தால், பினியன் படும் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். பல்லின் அடியிலோ விளிம்பிலோ விழுந்தால், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மை மாற்றி, பற்களுக்கிடையே உள்ள தளர்வை டயல் கேஜ் என்ற அளவுகருவியில் மீண்டும் அளந்து பொருத்த வேண்டும். அரை நாள் வேலை அது, அவசரப்படுபவரிடம் கொடுக்காதீர்கள். அதுவரை வண்டியை நெடுந்தொலைவு ஓட்ட வேண்டாம், ஏனெனில் தவறான இடத்தில் தேய்ந்துவிட்ட பல்லைப் பிறகு எந்த ஷிம்மும் காப்பாற்றாது. திரும்பப் பூட்டும்போது இவ்வகைச் சாய்ந்த (ஹைப்பாய்டு) பற்களுக்குரிய ஈபி 90 கியர் எண்ணெயை நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்றச் சொல்லுங்கள்.