தரவுகளை வைத்துச் சுகாதாரக் கொள்கையை மேம்படுத்துவது அடிமட்டத்தில் உண்மையிலேயே நடக்கிறதா, இல்லை வெறும் பேப்பர் வேலையா?

நடக்கிறது. ஆனால் எந்த எண்ணைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கேள்வியின் நடையைப் பார்த்தால் நீங்கள் பொதுச் சுகாதாரம் படிக்கிறவர், அல்லது ஏதோ ஒரு மாவட்ட அலுவலகத்தில் கீழே இருந்து வரும் ரிப்போர்ட்டுகளைக் கூட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் என்று நினைக்கிறேன். அந்த ரிப்போர்ட்டை எழுதி அனுப்பும் இடத்தில் 31 வருடம் இருந்தவள் நான். பள்ளிப்பட்டு பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் கிராம சுகாதார செவிலியர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். "பேப்பர் வேலை" என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

1960 வரை எங்கள் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு இருந்தது. அப்புறம் எல்லையை மாற்றினார்கள். ஆனால் பெண் கொடுப்பது, எடுப்பது, சந்தை, வைத்தியம் எல்லாம் இன்னும் இரண்டு பக்கமும்தான். எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு. பெரிய நோய் என்றால் சித்தூர், திருப்பதி, வேலூர் என்று அவரவர் வசதிக்கு ஓடுவார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2011-ல், ஐப்பசியில் வேர்க்கடலை பிடுங்கும் நேரம். என் பொறுப்பில் இருந்த ஊரில் ஒரு பெண், முப்பது வயதுகூட முடியவில்லை, பொழுது சாயும் நேரத்தில் குவித்து வைத்த கடலைக்கொடிக்குள் கையை விட்டாள். கண்ணாடி விரியன். வீட்டுக்காரர் பைக்கில் உட்கார வைத்து, பின்னால் தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அரை மணி நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மந்திரிக்கிறவரிடம் போகவில்லை, கயிறு கட்டவில்லை, கீறிவிடவில்லை. நான் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன அத்தனையையும் அந்தக் குடும்பம் சரியாகச் செய்தது. இன்று வரை எனக்கு ஆறாதது அதுதான். டாக்டர் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்த்தார், உறையவில்லை, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்து எடுத்த எடுப்பில் 8 முதல் 10 குப்பி போக வேண்டும். எங்களிடம் இருந்தது 3. அதை ஏற்றி, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், அதுதான் கிட்டே. சிறுநீரகம் செயலிழந்து ஆறாம் நாள் அங்கேயே இறந்துபோனாள்.

ஏன் 3 தான் இருந்தது? மருந்துக்கு இண்டெண்ட், அதாவது தேவைப் பட்டியல், போடும்போது போன வருடம் எவ்வளவு செலவானது என்று பார்ப்பார்கள். போன வருடப் பதிவேட்டில் பாம்புக்கடி 2. அதற்குத் தகுந்த மருந்து. அந்த 2 சரியான எண்தானா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை.

இறப்பு எங்கே நடக்கிறதோ அங்கேதான் பதிவாகும், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அப்படி. அவளுடைய இறப்பு ஆந்திராவில் பதிவானது. எங்கள் ஏட்டில் அவள் "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்", அவ்வளவுதான். வருடக் கடைசியில் பாம்புக்கடி இறப்பு என்ற கட்டத்தில் என் கையாலேயே பூஜ்யம் எழுதினேன். படிவத்தின்படி அதில் ஒரு தப்பும் இல்லை. எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன், அன்று ராத்திரி தூங்கவில்லை.

அடுத்த வாரமே ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். தடுப்பூசிக்கும் கர்ப்பிணிகளைப் பார்க்கவும் எப்படியும் வீடு வீடாகப் போகிறேன், கூடவே ஒரு கேள்வி: கடந்த மூன்று வருடத்தில் இந்த வீட்டில் யாரையாவது பாம்பு கடித்ததா? முதல் இரண்டு ஊரில் எல்லோரும் இல்லை என்றார்கள். மூன்றாவது ஊரில் ஒரு பாட்டி, "பாம்புன்னு எதுக்கும்மா வாயால சொல்ற, பூச்சி தொட்டதான்னு கேளு. ஆமா, அதையெல்லாமா எழுதிக்குவீங்க?" என்றார். எனக்கே தெரிந்த விஷயம், நானும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். ஆனால் கையில் நோட்டை எடுத்ததும் படிவத்தின் பாஷை வாயில் வந்துவிட்டது. திரும்பவும் முதல் ஊரிலிருந்து ஆரம்பித்து "பூச்சி ஏதாவது தொட்டதா" என்று கேட்டேன். 17 பேர் வந்தார்கள், இறந்தவர்கள் 3 பேர். அந்த 17-ல் எங்கள் நிலையத்துப் பதிவேட்டில் இருந்தவர்கள் 4. மீதிப் பேர் மந்திரிக்கிறவரிடமும், தனியார் டாக்டரிடமும், ஆந்திரப் பக்கமும் போனவர்கள். முக்கால்வாசிக் கடி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், வேர்க்கடலை, நெல் அறுவடை சமயத்தில்.

இதை மாதாந்திரக் கூட்டத்தில் வைத்தபோது பாராட்டவில்லை. "மேலே கேட்காத எண்ணை நீங்களாகக் கொடுத்தால் நாளைக்கு நமக்குத்தான் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்" என்றார் ஒருவர். மறு வருடம் புதிதாக வந்த மருத்துவ அலுவலர் நோட்டை வாங்கி ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு, அதையே இணைப்பாக வைத்து 20 குப்பி கேட்டு எழுதினார். வந்தது. ராத்திரி டூட்டி நர்ஸ் கைக்கு எட்டும் இடத்தில் அதை வைக்கவும் உத்தரவு போட்டார், அதற்கு முன்னால் ஸ்டோர் பூட்டுக்குள் இருந்தது. அதே வருடம் ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கு 10 குப்பியும் இங்கேயே போட முடிந்தது. பிழைத்தான். அதற்குப் பின் சில குப்பிகள் தேதி முடிந்து வீணானபோது தணிக்கையில் கேள்வி வந்ததும் உண்மை. தீயணைப்பு வண்டி போன வருடம் ஓடவில்லை என்று யாராவது விற்பார்களா?

"ஒரு நர்ஸ் எழுதிய நோட்டு எப்படித் தரவு ஆகும், மாதிரி எடுத்த முறை என்ன, ஞாபகத்தில் சொல்வதை நம்பலாமா" என்று கேட்பவர்கள் வருவார்கள், தெரியும். நாடு முழுக்க வீட்டில் போய் "எப்படி இறந்தார்" என்று கேட்டுத்தான் 2000 முதல் 2019 வரை வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்தார்கள் என்ற மதிப்பீடு 2020-ல் வந்தது. ஆஸ்பத்திரிப் பதிவுகளில் இருந்தது அதில் சிறு பங்குதான். நான் ஆராய்ச்சியாளர் இல்லை. ஆனால் முறை அதே முறைதான்.

இதே நானே எழுதிய இன்னொரு எண் ஏன் சரியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மகப்பேறு இறப்பு. கர்ப்பம் தெரிந்ததும் பதிவு, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி என்ற அரசுப் பதிவு எண், அவள் தாய்வீட்டுக்கு ஆந்திரா போனாலும் எங்கே பிரசவம், என்ன குழந்தை, உயிரோடு இருக்கிறாளா என்று நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒரு இறப்பு நடந்தால், அது எந்த ஆஸ்பத்திரியில் நடந்தாலும், ஆய்வுக் கூட்டத்துக்குக் குடும்பத்தாரோடு நானும் போக வேண்டும். எங்கே தாமதம், ரத்தம் கிடைத்ததா, வண்டி எப்போது வந்தது என்று ஒவ்வொன்றாகத் துருவுவார்கள். தமிழ்நாட்டில் இந்த ஆய்வு 1990களிலேயே தொடங்கிவிட்டது. உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 2001-03-ல் 134 ஆக இருந்த தாய் இறப்பு 2018-20-ல் 54 ஆனது. எண்ணிக்கை எடுத்ததால் மட்டும் குறைந்தது என்று நான் சொல்லவில்லை, 24 மணி நேர நிலையங்கள், மூன்று ஸ்டாஃப் நர்ஸ், 108 வண்டி எல்லாம் சேர்ந்துதான். ஆனால் எதை எங்கே போடுவது என்று அந்த ஆய்வுதான் காட்டியது. அதே நர்ஸ், அதே ஊர், அதே எல்லை. ஒரு எண்ணில் எல்லைக்கு அப்பால் போன பெண்ணும் கணக்கில் வந்தாள், இன்னொன்றில் காணாமல் போனாள்.

இதோடு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். துணை சுகாதார நிலையத்து குவார்ட்டர்ஸில்தான் தங்க வேண்டும் என்று வாடகைப்படியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் மழைக்கு நான்கு இடத்தில் ஒழுகும், கழிவறைக் கதவு இல்லை. எட்டு வருடம் மனு கொடுத்தேன். பதிவேடு நனையாமல் இருக்க அதை அரிசி டின்னுக்குள் வைத்த செவிலியர் நான் மட்டும் இல்லை. எங்களிடம் துல்லியம் கேட்பவர்கள் அந்த வீட்டை ஒரு நாள் வந்து பார்த்திருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது, தனியார் ஆஸ்பத்திரிகளும் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆனாலும் ஆந்திராவுக்குப் போனவர்கள் இதில் எப்படி வருவார்கள்? நான் வேலையில் இருந்தபோது போலியோ சொட்டு மருந்து நாளில் பழக்கமான அந்தப் பக்கத்து ஏ.என்.எம். (என்னைப் போலவே கிராம நர்ஸ்) அக்காவும் நானும் மாதம் ஒரு தடவை போனில் பேசிப் பேரைச் சரிபார்த்துக்கொள்வோம். உங்கள் ஊர்க்காரர் இங்கே வந்தார், எங்கள் ஊர்க்காரர் அங்கே வந்தார் என்று. பத்து நிமிட வேலை. எங்கள் இருவருக்கும் ஓய்வு வந்ததும் அது நின்றுவிட்டது. அதை இரண்டு மாவட்டங்களும் ஒரு கடிதம் மூலம் நிரந்தரமாக்கலாம், புது சாஃப்ட்வேர் தேவையில்லை.

நீங்கள் மாவட்ட அலுவலகத்தில் இருப்பவர் என்றால், அடுத்த ரிப்போர்ட்டில் பூஜ்யம் வரும் ஊர்களைத் தனியாக எடுத்து, அதில் எல்லையோர ஊர்கள் எத்தனை என்று பாருங்கள். அந்த ஊர் நர்சுக்கு ஒரு போன் போடுங்கள். பாம்பு என்று கேட்காதீர்கள், பூச்சி என்று கேளுங்கள்.